இரண்டாம் விரல்

பூட்டைத் திறப்பதற்கான வேலை எதையும் நவநீதன் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. அதற்குள் அந்தக் கைப்பேசி திறந்துகொண்டது. பின்புறத்தில் படிந்திருந்த உமித்தூசியைத் துடைப்பதற்காகத்தான் அதைத் திருப்பிப் பிடித்தான். வலக்கைச் சுட்டுவிரல், போகிற போக்கில், ரேகை பதியும் வட்டத்தின்மேல் பட்டது. மெல்லிய அதிர்வு ஒன்று விரலுக்குள் ஏறியது. திரை விழித்துக்கொண்டது.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த வேலம்மாள் அதைக் கவனிக்கவில்லை. நெகிழிப் பையிலிருந்து பழைய பில்லை எடுத்து, மடிப்புகளை நீவி, மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். பில் இல்லாமல் எந்தக் கைப்பேசியையும் நவநீதன் திறப்பதில்லை. பாலக்கரையின் அந்தப் பழைய கட்டடத்தில், மாடிப்படியை ஒட்டிய இந்தச் சிறு கடையைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்தியும், திருட்டுக் கைப்பேசியைத் திறந்து கொடுத்தான் என்ற பேச்சுக்கு அவன் ஒருமுறைகூட இடம் கொடுத்ததில்லை. பில்லில் இருந்த பதினைந்து இலக்க எண்ணையும் கைப்பேசியின் எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தான். பிழையில்லை. அவள் நிமிர்வதற்குள் திரையை அணைத்துவிட்டான்.

"யார் போனும்மா இது?"

"எம்புள்ள போனு தம்பி. வீரமலை. லாரி ஓட்டுனான். செத்து அஞ்சு மாசமாவுது."

"ஆக்சிடெண்டா?"

"அடிபட்டிருந்தாலும் மனசு ஒப்பியிருக்கும். தூக்கத்துல போயிட்டான். நொச்சியத்துல வண்டிய ஓரங்கட்டிட்டுச் செத்த கண்ணசந்தவன் எந்திரிக்கல. அங்கேருந்து மண்ணச்சநல்லூருக்கு எவ்வளவு தூரம்? நடந்தே வந்திருக்கலாம்."

அரிசி ஆலையில் வேலை செய்பவள். அவளுடைய புடைவையிலிருந்து அவித்த நெல்லின் மணம், மழை ஈரத்தோடு கலந்து, கடையில் இருந்த பற்றவைப்பு ஈயத்தின் வாடையை மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

"போலீஸ் ஸ்டேஷன்லேருந்து இத வாங்கி இருவது நாளாச்சு. அங்கயும் அணையவிடாம சார்ஜ்லயே வெச்சிருந்தாங்களாம். தெனம் சார்ஜ் போட்டு, பீரோவுல வெச்சுப் பூட்டிடுவேன். எலித்தொல்ல. மத்தியானம் மில்லுலேருந்து சாப்பிட வீட்டுக்கு வருவேன். சரியா ரெண்டு நாப்பதுக்கு, பீரோவுக்குள்ளேருந்து பேசுறான்."

நாளிதழில் படித்த செய்தியைச் சொல்வதுபோல அதைச் சொன்னாள். பிறகு விளக்கினாள். இரவில் தூக்கம் வராமல் இருப்பதற்காக, தாய் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, வீரமலை கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துகொண்டே வருவானாம். வீட்டுக்கு வந்ததும், சாப்பிடும்போது அவற்றை அவளுக்குப் போட்டுக்காட்டிவிட்டு அழித்துவிடுவானாம். கடைசிப் பயணத்தின் பேச்சுகளை மட்டும் போட்டுக்காட்ட அவன் வரவில்லை.

"ஒரு தடவ பேசுனத மறுதடவ பேச மாட்டேங்கிறான் தம்பி. நான் கைகழுவிட்டு ஓடிப்போய்த் தொறக்கறதுக்குள்ள போனு இருட்டாயிடுது. பதினேழு நாளு, பதினேழு பேச்சு. நேத்திக்கு முசிறி வரைக்கும் வந்துட்டான். வழிய வெச்சுப் பார்த்தா குணசீலம் ஒண்ணு, நொச்சியம் ஒண்ணு, ரெண்டுதான் பாக்கி இருக்கும். அந்த ரெண்டையாவது ஒரு கார்டுல போட்டுக் குடுங்க. எல்லாத்தையும் கதவுக்கு வெளிய நின்னு அரையுங்கொறையுமாத்தான் கேட்டேன்."

நாலு மணிக்கு வரச் சொல்லி, அவளுடைய எண்ணையும் எழுதிக்கொண்டு, ரசீது கொடுத்தான். படியிறங்கும்போது அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள், அவனையல்ல, மேசையை.

அவள் போனபிறகு நவநீதன் விரலை மீண்டும் வட்டத்தில் வைத்தான். திறந்தது.

அதற்குக் காரணம் அவனுக்குத் தெரியும். திரை மாற்றிய கைப்பேசியில் ரேகைப் பகுதி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பழுதுபார்ப்பவர் தம் விரலையே பதிந்து சோதிப்பது தொழில் வழக்கம். சோதித்தபின் அதை அழித்துவிட வேண்டும். பாதிப் பேர் அழிப்பதில்லை. அதைப் பிழையென்று கருதுவதுமில்லை. ஊரிலுள்ள எத்தனையோ சட்டைப்பைகளிலும் தலையணை அடிகளிலும் நவநீதனின் சுட்டுவிரல் இரண்டாம் விரலாகக் கிடக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கைப்பேசிக்குத் திரை மாற்றியவன் அவனே. வந்த இளைஞனின் முகம் நினைவில்லை. குரல் நினைவிருந்தது.

ஒலிபெருக்கியைச் சோதிப்பதற்காக அன்று ஒரு பதிவைப் போட்டான். 'அம்மா, நாமக்கல் தாண்டிட்டேன். நீ சாப்டியா? எனக்காகக் காத்திருக்காத' என்றது குரல். நவநீதனின் தாய் இறந்து அப்போது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஒருமுறை கேட்டால் போதுமான சோதனைக்கு அவன் அதை ஐந்து முறை கேட்டான். ஐந்தாம் முறை, கடையில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, அந்தச் சொற்களைத் தானும் சொல்லிப் பார்த்தான். அன்று அவன் விரலை அழிக்க மறக்கவில்லை. அழிக்கவில்லை.

பதிவுகளின் பட்டியலைத் திறந்தான். வேலம்மாள் பயந்ததுபோல எதுவும் அழிந்திருக்கவில்லை. பத்தொன்பது பதிவுகளும் வரிசையாக இருந்தன. நிம்மதியோடு முதலாவதைப் போட்டான்.

குரல் இல்லை. மூச்சு. ஆழ்ந்து உறங்கும் ஒருவனின் நீண்ட, சீரான மூச்சு. அதன் பின்னணியில், பதினைந்து வினாடிக்கு ஒருமுறை, ஏதோ ஒன்று திரும்பித் திரும்பி முட்டிக்கொள்ளும் சிறு ஓசை. இரண்டாவதைப் போட்டான். மூச்சு. ஒன்பதாவது. மூச்சு. பதினேழாவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஓசை கைப்பேசியிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று ஐயம் தோன்றி, தலையை உயர்த்தினான். சுவரில் அவனுடைய மின்விசிறி இடப்பக்கம் முழுவதும் திரும்பி, கிடுக் என்று முட்டி, மறுபடி வலப்பக்கம் திரும்பியது.

பதிவை நிறுத்தினான். விசிறி மட்டும் முட்டியது. அதே ஓசை.

கைப்பேசியைக் கணினியோடு இணைத்து, உள்ளே அது எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைப் படித்தான். பதினேழு நாள்களாக நாள்தோறும் பிற்பகல் இரண்டு நாற்பதுக்குப் பூட்டு திறக்கப்பட்டிருந்தது. திறந்தது: விரல் இரண்டு.

"என்னண்ணே, இன்னிக்கு முழிச்சிருக்கீங்க?"

பக்கத்தில் கைப்பேசி உறைகள் விற்கும் வஹீதா, இரண்டு டீ டம்ளர்களோடு வாசலில் நின்றாள்.

"இந்நேரத்துக்கெல்லாம் ஷட்டரப் பாதி எறக்கிட்டுக் கச்சேரிக்குத் தயாராயிருப்பீங்களே!"

"கச்சேரியா?"

"தூக்கத்துல பேசுறீங்கண்ணே. பத்துப் பதினஞ்சு நாளா இதே கூத்துதான். நேத்து 'முசிறி வந்துட்டேன்மா'ங்கறீங்க. அண்ணன் கடையில படுத்துக்கிட்டே டிக்கெட் இல்லாம முசிறி போறாருன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு."

நவநீதன் சிரிக்கவில்லை. "என் குரல்லயா பேசினேன்?"

வஹீதா பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினாள். "நீங்க கேட்கவும்தான் தோணுது. தொண்டை கட்டுனாப்புல... வயசுப் பையன் கணக்கா இருந்துச்சு." டம்ளரை மேசைமேல் வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்து, அவளுடைய சிரிப்பும் அடங்கியது. "வெறும் வயித்தோட படுக்காதீங்கண்ணே. வீட்லயும் ஆளு இல்ல. ஒரு தடவ டாக்டர்ட்ட காமிச்சுக்குங்க."

மணி இரண்டு இருபது. டீயைக் குடித்தான். பின்பக்கம் சென்று முகத்தைக் கழுவினான். எஞ்சியிருந்த இரண்டு பதிவுகளையும் கணினிக்கு நகலெடுத்தான். நகல்களின் நீளம் சரியாக இருந்தது. போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை. மூலத்தைப் போட்டான். 'அம்மா, குணசீலம் தாண்டிட்டேன். மழ தூறுது' என்று தெளிவாகப் பேசியது. அதைத் தன் கைப்பேசியில் பிடிக்கப் பார்த்தான். விசிறியின் ஓசை மட்டுமே பதிந்தது. மணி இரண்டு முப்பத்தெட்டு. உட்காராமல், சுவரில் முதுகு பதிய நின்றான். வெளியே மழை வலுத்தது. தகரக் கூரையின் ஓசையும், சாலையில் தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு போகும் பேருந்துகளின் ஓசையும், மாடிப்படியின் ஈரச் சுண்ணாம்பு வாடையும் ஒன்றாகக் கலந்து அவனைச் சூழ்ந்தன. நான் தூங்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னான்.

கன்னத்தில் மேசைப்பலகையின் குளிர் தெரிந்தது. தலையைத் தூக்கினான். நாற்காலியில் இருந்தான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மணி மூன்று ஐந்து.

பதினெட்டாம் பதிவைப் போட்டான். மூச்சு. விசிறி. மழை. பிறகு, ஷட்டருக்கு வெளியிலிருந்து வஹீதாவின் தாழ்ந்த குரல்: "அல்லாவே, மறுபடி ஆரம்பிச்சிட்டாரு."

விரலை அழித்துவிட வேண்டும். கைப்பேசியின் அமைப்புகளுக்குள் நுழைந்தான். கைப்பேசி கடவுஎண் கேட்டது. விரலால் திறக்கலாம், விரலை நீக்க எண் வேண்டும். திரை மாற்றிய அன்று அதைத் தட்டிக் கொடுத்தவன் வீரமலை. எண் அவனோடு போய்விட்டது. தயாரித்த நிறுவனம் போட்ட பூட்டை அடியோடு உடைக்கும் வழியும் நவநீதனுக்குத் தெரியும். உடைத்தால் உள்ளே இருப்பதெல்லாம், அந்தக் கடைசிப் பதிவு உட்பட, அழிந்துவிடும். மீதியிருந்தது ஒரே வழி. அணைத்து வைத்த கைப்பேசி, மறுபடி உயிர்பெறும்போது, எந்த விரலையும் ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். பொத்தானை அழுத்திப் பிடித்து அதை அணைத்தான். இனி யாராலும் திறக்க முடியாது. தன்னாலும் முடியாது. பத்தொன்பதாம் பதிவு உள்ளே பத்திரமாக இருக்கும்.

நாலு மணிக்கு வேலம்மாள் நனைந்துகொண்டு வந்தாள்.

"கேட்டீங்களா தம்பி? நல்லாப் பேசுறானா?"

"இன்னிக்கு முடியலம்மா. லாக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. நாலு நாள் ஆகும்."

"காலேல பார்த்தப்ப கெட்டிக்காரர் மாதிரித் தெரிஞ்சீங்க." கோபம் அவள் குரலில் நிற்கவில்லை. "குணசீலம் இருந்துச்சா?"

"இருக்கும்மா. எல்லாம் இருக்கு."

அவள் அவனை நம்பினாள். அது அவனுக்கு அடியைவிட அதிகமாக வலித்தது. போகும்போது வாசலில் நின்று, "போனு இங்க இருந்தா நாளைக்கு மத்தியானம் நான் யாரோட சாப்பிடுவேன்?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினாள்.

மறுநாள் அவன் கடை திறக்கவில்லை. அணைந்த கைப்பேசியைத் திருவரங்கத்தில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். மேல அடையவளஞ்சான் தெருவில், மாடியில், இரண்டு அறைகள். தாய் இருந்தவரை அவை போதாமல் இருந்தன. இப்போது ஓர் அறையின் கதவை அவன் திறப்பதே இல்லை. கோயிலிலிருந்து உச்சிப்பொழுதுக்கான மணியோசை வந்து அடங்கியதும் தெருவும் அடங்கியது. மழை நின்றிருந்தது. கைப்பிடிச் சுவரிலிருந்து நீர் சொட்டும் ஓசை, கீழ்வீட்டில் நெய் காய்ச்சும் வாசனை, ஈரத்தில் ஊறிய சன்னல் மரத்தின் புளித்த மணம், எங்கோ ஒரு குரங்கு தகரத்தின்மேல் நடந்து போவது: இவை யாவும் வேறு யாருடைய பிற்பகலுக்கோ உரியவைபோலத் தொலைவில் நடந்துகொண்டிருந்தன.

இரண்டு மணி முதல் அவன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நேர் எதிரே, எட்ட முடியாத தூரத்தில், வீரமலையின் கைப்பேசி. இடப்பக்கம் அவனுடைய கைப்பேசி. வலக்கையைத் துண்டால் மணிக்கட்டு வரை சுற்றி, பற்களால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தான். தூக்கம் வரவில்லை. இரவு முழுவதும் உறங்கியிருந்தான். கண்கள் நன்றாக விழித்திருந்தன. அதை அவன் அடிக்கடி சரிபார்த்துக்கொண்டான்.

இரண்டு முப்பத்தைந்து. சொட்டு நின்றது.

இரண்டு முப்பத்தொன்பது. குரங்கு நின்றது.

வலக்கை மரத்தது. முடிச்சு இறுகிவிட்டது என்று நினைத்தான்.

எதிரே இருந்த கைப்பேசி ஒளிர்ந்தது. நிறுவனத்தின் முத்திரை வரவில்லை. எண்ணைக் கேட்கவில்லை. திரை முழுவதும் இருட்டு. ஆனால் அணைந்த திரையின் இருட்டன்று. ஆழமுள்ள இருட்டு. அதற்குள் மடிப்பு மடிப்பாக ஏதோ அடுக்கியிருந்தது. துணிகள். அந்துருண்டையின் நெடி அவன் மூக்கில் ஏறியது.

இருட்டுக்கு அப்பாலிருந்து, தகட்டின் வழியே கேட்பதுபோல, ஓசைகள் வந்தன. டம்ளரைத் தரையில் வைக்கும் ஓசை. சோற்றைப் பிசையும் ஓசை. ஒருத்தி தனியாகச் சாப்பிடும் ஓசை.

"அம்மா, நொச்சியம் வந்துட்டேன்."

டம்ளர் உருண்டது.

"வீரமல?" வேலம்மாளின் குரல். "போனு கடையிலல்ல இருக்கு? டேய். நீயா?"

"அம்மா, திறக்காதீங்க!" என்று நவநீதன் கத்தினான். "அது உங்க பையன் இல்ல! வெளிய போங்க!" சொற்கள் தொண்டையை உரசிக்கொண்டு வெளியேறியதை உணர்ந்தான். அறைக்குள் அவை கேட்கவில்லை. கைப்பேசியில் கேட்டது வேறு.

"வீட்டுக்கு வந்துட்டேன்மா. கதவத் திற."

"இரு சாமி, இரு. சாவி இந்தா இருக்கு. அவசரப்படாத."

வேலம்மாளை அழைக்க இடக்கையால் தன் கைப்பேசியை எடுத்தான். அதில் பதிந்திருந்தது வலக்கை விரல் மட்டுமே. திறக்க மாற்றுவழியாகக் கோலம்போல் ஒரு கோடு உண்டு. இடக்கைப் பெருவிரலுக்கு அது பழக்கமில்லை. தவறு. மீண்டும் போட்டான். தவறு. ஆயிரம் பூட்டுகளைத் திறந்தவன். தவறு. தவறு. தவறு. முப்பது வினாடிகள் கழித்து முயலவும் என்றது திரை.

இருபத்தொன்பது.

சாவி துளையைத் தேடித் தகட்டில் கீறியது.

இருபத்தாறு.

நுழைந்தது. திரும்பியது.

எதிரே இருந்த திரையின் நடுவில், மேலிருந்து கீழாக, ஒளிக்கோடு ஒன்று தோன்றியது. அகன்றது. அடுக்கியிருந்த புடைவைகள் நிறம் பெற்றன. கோடு கதவாகி, கதவுக்கு அப்பால் வேலம்மாளின் முகம் தெரிந்தது. கடைவாயில் ஒரு சோற்றுப் பருக்கை. கண்களிலிருந்து நீர் வழிய, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பைத் தன்னை நோக்கி யாரும் சிரித்து நவநீதன் கண்டு நெடுநாள் ஆகியிருந்தது.

"இத்தன நாளா இதுக்குள்ளயாடா இருந்த?" என்றாள். "சாப்டியா?"

துண்டைப் பார்த்தான். முடிச்சு அவிழவில்லை. சுற்றியது சுற்றியபடி, மடியின்மேல், தட்டையாகக் கிடந்தது.

வெதுவெதுப்பு. சுட்டுவிரலின் நுனியில்.

ஈரம். சுருங்கிய கன்னத்தின் மென்மை. கடைவாயில் ஒட்டியிருந்த பருக்கையை விரல் தள்ளிவிட்டது. அது விழுவதைத் திரையில் பார்த்தான். விரல் மேலும் இறங்கியது. அவன் இறக்கவில்லை. பின்னுக்கு இழுத்தான், இழுப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. தாடைக்குக் கீழே, மெல்லிய தோலுக்கு அடியில், நாடி துடித்தது. அதன் ஒவ்வொரு துடிப்பும் தெரிந்தது.

வேலம்மாள் சிரித்துக்கொண்டேயிருந்தாள். பிள்ளை தொடட்டும் என்று கழுத்தைச் சற்றே உயர்த்திக் கொடுத்தாள்.

மற்ற நான்கு விரல்களும் வந்து சேர்ந்தன.